டிரையர், முப்பத்தெட்டு டாலர்

வெர்லீன் ஹாட்ஜ் வந்தபோது
யூமாவில் நூற்றுப் பதினேழு டிகிரி.
காரின் பின்சீட்டில் ஒரு மலர்வளையம்,
யாருடைய சாவுக்கோ போக வேண்டியது,
தானே செத்துக் கிடந்தது.

"உன் கம்ப்ரஸர்" என்றாள்.
ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.
"பதினோரு மாதம். உன் கையால் மாட்டியது."

பானெட்டைத் திறந்தேன்.
கிளட்ச் சுற்றவில்லை.
குழாயைக் கழற்றினால் எண்ணெயோடு கறுப்புத் துகள்,
மிளகை இடித்துத் தூவியதுபோல்.
எனக்குப் புரிந்துவிட்டது.
மெக்கானிக்குக்கு
அறிவதற்கும் சொல்வதற்கும் நடுவே
கை துடைக்கும் துணி ஒன்று உண்டு.
துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வாரண்டி பார்ட்ஸுக்கு மட்டும்தான்,
கூலிக்குக் கிடையாது" என்று ஆரம்பித்தேன்.
"கூலி வாங்கிய கைக்கு?"
என்றாள்.
பட்டறையின் மின்விசிறி
தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது,
பிறகு என்னை.

பார்ட்ஸ் கடைக்கு என் டிரக்கில் போனோம்.
அவள் மடியில் மலர்வளையம்.
"எழுபத்தைந்து டாலர். இதையும் உன் கணக்கில் எழுது."
என் டிரக்கில் ஏசி நன்றாக வேலை செய்கிறது.
அணைக்கலாமா வேண்டாமா என்று
நாலு சிக்னல் யோசித்தேன்.

கவுண்டரில் கோல்ட்டர். பத்தொன்பது வயது.
கம்பெனியின் விதிகள் அவன் வாயில்
இரவல் பல்செட் மாதிரி ஆடின.
"ரசீது?"

எடுத்தாள்.
கறுப்பு.
சூடு பட்டால் எழுத்து வரும் காகிதம் அது.
ஏசி நின்றுபோன காரில், டாஷ்போர்டுப் பெட்டிக்குள்,
மூன்று வாரம் வெந்து
காகிதம் முழுக்கவே எழுத்தாகியிருந்தது.
விலையும் தேதியும் நிபந்தனையும்
ஒரே சமயத்தில் பேசினால்
இப்படித்தான் இருக்கும் போல.

பையன் அதை வெளிச்சத்தில் சாய்த்தான்.
அச்சு போயிருந்தது, பேனா போகவில்லை.
அழுத்தி இழுத்த ஒரு கோடு
பழைய தழும்பாய் மினுங்கியது.
பக்கத்தில் என் கையெழுத்து:
டிரையர் 38, வேண்டாம்.

அந்த மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது.
பர்ஸைத் திறந்து எண்ணினாள்.
மறுபடி எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல்
மறுபடி எண்ணினாள்.
நான்தான் பேனாவை எடுத்தேன்.
"பழையதே இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்" என்றேன்.
அவள் கேட்கக்கூட இல்லை.

"டிரையர் மாற்றாவிட்டால்
கம்ப்ரஸர் வாரண்டி செல்லாது, மேடம்"
என்றான் கோல்ட்டர்,
தானே கம்ப்ரஸரை உடைத்தவன்போல்.

வெர்லீன் என் பக்கம் திரும்பினாள்.
"நீ எனக்கு முப்பத்தெட்டு டாலர் மிச்சப்படுத்தினாய்."
கூட்டலைச் சரிபார்க்கிற குரல்.
"அன்றைக்கு நன்றி சொன்னேனா?"
"சொன்னாய்."
"அதைத் திருப்பிக் கொடு."

கூலி வேண்டாம் என்றேன்.
தானம் வாங்க வரவில்லை என்றாள்.
பாதிப் பாதி என்றேன்.
எதில் பாதி என்றாள்.
கம்பெனிக்கு ஃபோன் போட்டோம்.
எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று
நாற்பது நிமிடம் ஒரு இயந்திரம் சொன்னது.

கார் இன்னும் என் பட்டறையில் நிற்கிறது.
தினமும் காலை ஆறு மணிக்கு,
வெயில் ஏறுவதற்குள்,
தங்கை கணவனின் வேனில் வந்து இறங்கி
முடிவெடுத்தாயா என்று கேட்கிறாள்.
நான் கேட்க வேண்டிய கேள்வி அது.
பதிலுக்கு இருவரும் காபி குடிக்கிறோம்.

மலர்வளையத்தை எடுத்துப்போகவில்லை.
ரிப்பனில் இன்னும் படிக்கலாம்:
ஆழ்ந்த இரங்கலுடன்,
வியாழக்கிழமை பௌலிங் குழு.

புது டிரையர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாது.
இப்போது விலை நாற்பத்தொன்று.
உறையைக் கிழித்த நொடியிலிருந்து
சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் குடிக்கத் தொடங்கிவிடும்,
மாட்டுவதாக இருந்தால் மட்டும் பிரிக்கச் சொல்கிறது அட்டை.

மேசையில் இருக்கிறது,
பிரிக்காமல்.